ஆகாய மார்க்கமாக

ஐயா,
உங்கள் கடிதம் கிடைத்தது.
எனது வதிவிடத்துக்கும் பாடசாலைக்கும் இடையில்
ஒன்று தசம் ஒன்பது கிலோமீற்றர்.
ஐந்துக்குள் வருவதால் விடுதி இல்லை,
பயணப்படி இல்லை,
இடமாற்றம் என்ற பேச்சே இல்லை.

கணக்கில் பிழை இல்லை.
நான் கணித ஆசிரியை, சரிபார்த்துவிட்டேன்.
ஊத்துமலை மேற்பிரிவு, ஆறாம் நம்பர் லயம்,
என் வாசலில் ஒரு நூலைக் கட்டி இழுத்தால்
ரோஸ்கில் வித்தியாலயத்து மணிக்கம்பத்தில் முடியும்.
நடுவில் எதிலும் படாது,
மூடுபனியைத் தவிர.

நான் நூலில் போவதில்லை ஐயா.
நாலு நாற்பதுக்கு டோர்ச் லைட்டோடு இறங்குகிறேன்.
நூற்றெண்பத்தெட்டுப் படி,
அப்புறம் கொழுந்து லொறி போகிற பாதை,
காளி கோயில் திருப்பத்தில் ஐந்து இருபது பஸ்.
வந்தால்.
அப்புத்தளையில் இறங்கி ஓடுகிறேன்.
ஆறேகால் பஸ்ஸின் கண்டக்டர் லயனல்
தூரத்தில் என் குடையைக் கண்டால்
மணியடிக்காமல் ஒரு நிமிடம் பீடி தேடுவான்.
ஒன்பதாவது வளைவு, மதகு.
அங்கிருந்து முப்பத்தைந்து நிமிடம் ஏற்றம்,
அட்டைக்கு உப்பு, சேலைக்கு ஊசி.
மொத்தம் முப்பத்தொரு கிலோமீற்றர்.
ஏழரைக்கு நான் கையெழுத்து வைக்கும்போது
என் வீடு எதிரே நிற்கிறது,
இப்போதுதான் அதிலிருந்து
வெளியே வந்தவள் போல என்னைப் பார்த்துக்கொண்டு.

வரைபடத்தில் ஒரு பாலம் உண்டு என்கிறீர்கள்.
வரைபடத்தில் உண்டு.
ஆற்றில் இரண்டு தூண்கள் உண்டு.
ஒன்றில் நீர்க்காகம் உட்கார்ந்து
இறக்கை காயவைக்கும்.

தரம் பத்தில் பைதகரசு நடத்தினேன்.
யன்னலைக் காட்டி,
இங்கிருந்து அந்த லயத்துக்கு எது குறுகிய வழி என்றேன்.
கிருபாகரன் எழுந்தான்:
"செம்பக்கம்தான் டீச்சர்,
ஆனா அதுல பஸ் போவாதே."
முழுப் புள்ளி கொடுத்தேன்.

மழை போகும்.
செவ்வாய்க்கிழமை நேரம் பார்த்தேன்.
என் தகரத்தில் விழுந்த மழை
நாலே நிமிடத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது,
டிக்கெட் எடுக்காமல்.

மேற்படி செவ்வாய்க்கிழமைதான்
வெண்கட்டி தேடிக் கைப்பைக்குள் கைவிட்டேன்.
சாவி.
யோகமலர் அக்காவிடம் கொடுத்துவிட்டு வர
மறந்துபோன வீட்டுச் சாவி.
பதினொன்றே முக்காலுக்கு
எதிர்மலையில் ஒரு நீலப் புள்ளி படியேறியது.
நீலம் என்பதால்தான் அவன் என்று தெரியும்:
மிதுலன், தரம் இரண்டு,
மழைக்கோட்டுத் தொப்பி அவனுக்கு இன்னும் பெரிது.
புள்ளி கதவடியில் நின்றது.
கோடிப்பக்கம் போனது.
திரும்ப வந்து நின்றது.

தண்ணீர்த் தாங்கிமேல் ஏறினால்
இரண்டு கோடு சிக்னல் வரும்.
சேலையோடு ஏறினேன்.
அதிபர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
யோகமலர் அக்கா கொழுந்து மலையில்;
அவள் போன் அவள் வீட்டு அலுமாரிக்குள்
அடித்து அடித்து ஓய்ந்தது.
பேர் சொல்லிக் கத்திக்கூடப் பார்த்தேன்.
மலை ஒருதரம் கூப்பிட்டது, பிறகு விட்டுவிட்டது.
அப்போதே கிளம்பியிருந்தால்
இரண்டே முக்காலுக்குப் போயிருப்பேன்.
உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள்
முக்கோணிக்குப் பெயரிட்டுவிட்டு
அடுத்து என்ன என்று இருந்தார்கள்.

பனி ஏறியது.
விலகியபோது புள்ளி இல்லை.
ஏதோ ஒரு கதவு அவனை உள்ளே எடுத்திருக்கிறது.
லயத்தில் பன்னிரண்டு கதவு.
எந்தக் கதவு என்று
ஒன்று தசம் ஒன்பதிலிருந்து தெரியவில்லை.

ஐயா,
மேன்முறையீட்டுப் படிவத்தில்
"தூரம்" என்ற கட்டத்துக்குள்
மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள்.
நிமிடத்தில் எழுதியிருக்கிறேன்,
நூற்றெழுபது.
இடம் போதுமாக இருந்தது.